இதோ என்றொரு சொல்

கலந்தர் மதகுப் பலகையை ஒரு சாண் தூக்கி, கீழே இறங்காதபடி இடுக்கில் கல்லைச் செருகிவிட்டு நிமிர்ந்தபோது சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. மகள் மெஹ்ரி. மணி ஒன்றரை ஆகிறது, நாலு மணிக்கு அவர்கள் வந்துவிடுவார்கள், அப்பா இன்னும் குளிக்கவில்லை, முகம் மழிக்கவில்லை, அந்தக் கிழிந்த சட்டையோடுதான் சம்பந்தி முன்னால் உட்காரப் போகிறாரா என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். கலந்தர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வழக்கம்போல ஒரே சொல்லில் பதில் சொன்னார்.

"ஹோஸிர்."

தாஜிக்குகளின் பேச்சில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. ஹோஸிர் என்றால் இப்போது. ஆனால் வாயில் வரும்போது அது நம் 'இதோ' மாதிரி. இதோ வந்துவிட்டேன், இதோ ஆயிற்று, இதோ பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சொன்னவன் வந்துவிடுவான் என்று யாரும் எழுந்து நிற்பதில்லை. கலந்தரின் ஹோஸிருக்கு வீட்டில் தனி அளவே உண்டு. மற்றவர்கள் ஹோஸிர் என்றால் அஞ்சு நிமிஷம், இந்த மனுஷன் சொன்னால் ஒரு முறைத் தண்ணீர் பாய்ந்து முடியும் என்பாள் அவர் மனைவி ஸுலைகோ. முப்பத்தேழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவரும் கோபித்துக்கொண்டதில்லை.

ஊரின் முறைத் தண்ணீரைத் திருப்பிவிடும் பொறுப்பு பதினெட்டு வருஷமாக அவருடையது. கோஃபர்னிஹான் ஆற்றிலிருந்து வரும் பெரிய வாய்க்கால் இந்த மதகில் இரண்டாகப் பிரிகிறது. இன்று மேல்தெருவின் முறை. அவர் வீடு இருக்கும் தெருதான். நாலு மணிக்குப் பலகையை இறக்கிவிட வேண்டும். ஜூன் மாதத்தில் மத்தியானத்துக்கு மேல் மலைப்பனி உருகி வந்து சேரும். காலையில் கணுக்கால் அளவு ஓடுகிற தண்ணீர் சாயங்காலம் முழங்காலைத் தொடும். மறந்து விட்டால் தெரு வாய்க்கால் நிரம்பி முற்றத்துக்குள் ஏறிவிடும். பதினெட்டு வருஷத்தில் ஒரு முறை கூட அப்படி ஆனதில்லை. யாருக்கும் ஒரு சொட்டும் கூடுதலாகக் கொடுத்ததில்லை, குறைத்ததும் இல்லை என்பது அவருடைய பெருமை. அவருக்கு இருந்த இரண்டு பெருமைகளில் அது ஒன்று.

குளிக்க வேண்டும்தான். ஆனால் நெட்டிலிங்க மரம் போல ஒல்லியாக உயர்ந்து நின்ற பாப்ளர் மரங்களிலிருந்து பஞ்சு உதிர்ந்துகொண்டிருந்தது. காற்றே இல்லை. பஞ்சு கீழே விழவும் மனமில்லாமல் மேலே போகவும் வழியில்லாமல் வெயிலில் நின்று மிதந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கி, வெள்ளையாக, சத்தமில்லாமல் போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டே கலந்தர் கரையில் உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் என்று நினைத்துத்தான் கண்ணை மூடினார்.

அந்தக் கனவு வந்தது. அது பகலில் மட்டுமே வரும் கனவு. தண்ணீர்ச் சத்தம் கேட்கும் இடத்தில் தூங்கினால் போதும். வாய்க்கால் கரையோடு ஒருவன் நடந்து வருகிறான். முதுகில் மாவு மூட்டை. மூட்டையில் எங்கோ ஓட்டை. மாவு ஒழுகித் தண்ணீரில் விழுகிறது, தண்ணீர் வெளுக்கிறது. அவன் நடந்துகொண்டே இருக்கிறான், ஆனால் பக்கத்தில் வருவதில்லை. கனவில் கலந்தருக்குப் பயம் கிடையாது. அவனிடம் ஏதோ ஒன்று சொல்ல வேண்டும். ஒரே சொல்தான். அது நாக்கு நுனி வரைக்கும் வந்து நிற்கும். அதற்குள் விழிப்பு வந்துவிடும்.

விழித்தபோது தோளெல்லாம் பஞ்சு. மணி மூன்றுக்கு மேல். எழுந்து வீட்டுக்கு வேகமாக நடந்தார். குளித்துவிட்டு, அவர்கள் வருவதற்குள் ஓடி வந்து பலகையை இறக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டார்.

ஊரில் அவரைக் 'கலந்தர் அஃப்கான்' என்பார்கள். சோவியத் படையோடு ஆப்கானிஸ்தானில் போருக்குப் போய்த் திரும்பியவர்களுக்கெல்லாம் அந்தப் பட்டம்தான். இரண்டு வருஷத்துக்கு முன்பு காபூலிலிருந்தும் குந்தூஸிலிருந்தும் ஜனங்கள் எல்லை ஆற்றைத் தாண்டி வந்து இந்த ஊரில் வாடகைக்கு இருக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பெயரால் ஒரே குழப்பம். தபால்காரன் அகதிகளுக்கு வந்த கடிதத்தைக் கொண்டுவந்து இவரிடம் கொடுத்துவிட்டுப் போனான். கலந்தர் அதை வாங்கிக்கொண்டு போய் உரியவர் கதவிடுக்கில் செருகிவிட்டு, கதவு திறப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார். அவர்களோடு பேசும்படி வந்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார். பஜார் முனையில் அவர்கள் ரொட்டி அடுப்பு போட்ட பிறகு அந்தப் பக்கமாக நடப்பதையே விட்டார். அவர் ஏன் அப்படிச் சுற்றிக்கொண்டு போகிறார் என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டு மனுஷனாக அவரிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. நாலு பிள்ளைகள். மூன்று பேர் ரஷ்யாவில் வேலையாக இருந்தார்கள். எவர் மேலும் அவர் கை ஓங்கியதில்லை. ஸுலைகோவுக்கு முதுகுவலி வந்த வருஷத்திலிருந்து காலைத் தேநீர் அவர் கையால்தான். மெஹ்ரி கடைக்குட்டி. அவளுடைய பள்ளிக்கூடத்து நாட்களில் தலை பின்னி விட்டது அவர்தான். தண்ணீர் திருப்பும் கையால் அவர் இறுக்கிப் பின்னிய பின்னல் இரண்டு நாளைக்கு அவிழாது. அம்மா பின்னினால் மத்தியானமே அவிழ்ந்துவிடும் என்று அவள் அவரிடம்தான் வந்து முதுகைக் காட்டி உட்காருவாள்.

இன்னொரு பெருமை போரைப் பற்றியது. ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி பதினைந்தாம் தேதி போருக்குப் போனவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து மேடையேற்றுவார்கள். மற்றவர்கள் மலை, பனி, ஹெலிகாப்டர் என்று விரிவாகப் பேசுவார்கள். கலந்தர் பதக்கத்தைத் தடவிக்கொண்டு நாலே வரி பேசிவிட்டு இறங்கிவிடுவார். தான் மொழிபெயர்ப்பாளன். துப்பாக்கியால் யாரையும் சுட்டதில்லை. அந்த ஜனங்கள் பேசுவதும் நம் மொழிதான். அவர்கள் சொன்னதைச் சொன்னேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கடைசி வரியை அவர் எப்போதும் சற்று உரக்கச் சொல்வார்.

உண்மையில் அவர் மொழிபெயர்த்தது பதினோரு நாள்தான். அதன் பிறகு தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டு மாவுக் கிடங்குக்குப் போய்விட்டார். மிச்சம் ஒன்றரை வருஷம் மூட்டைகளுக்கு நடுவில் கழிந்தது. ஏன் என்பது ஸுலைகோவுக்கு மட்டும் தெரியும். கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொன்னார். பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்த நிலையில்தான் மெஹ்ரி போய் பஜார் முனை அடுப்பில் ரொட்டி சுடும் யாமாவின் மேல் ஆசை வைத்தாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருபத்தொன்பது வயது. வந்த வரன்களையெல்லாம் ஏதோ காரணம் சொல்லித் தட்டிக் கழித்தவள். குளிர்காலத்தில் ஒரு நாள், கையில் தீக்காயத்தோடு யாமா அங்கே வந்திருக்கிறான். அவன் பேசும் அழகைக் கேட்பதற்காகவே கட்டைப் பிரித்து மறுபடி கட்டினேன் என்று அவளே அம்மாவிடம் சொன்னாள். கலந்தர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. எட்டாம் நாள் காலையில் தேநீர் ஊற்றிக்கொண்டே, அவங்களை வரச் சொல்லு என்றார். மகள் அழுதாள். அந்த ஒரு வாரத்தில் அவர் கண்டது, இவள் இனி வேறு யாரையும் கட்டமாட்டாள் என்பதுதான்.

யாமாவின் குடும்பத்துக்கு வெளிநாட்டு விசா எந்த நாளும் வரலாம். அதற்குள் பேசி முடித்தாக வேண்டும். ஆகையால் இன்று ரொட்டி பிட்கிறார்கள். இரண்டு வட்ட ரொட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரும் சேர்ந்து பிட்டுவிட்டால் வாக்கு கொடுத்ததாக ஆகிவிடும். பிறகு எந்தப் பக்கத்திலிருந்தும் மாற்றிப் பேசுவதில்லை. காலையில் அவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது ஸுலைகோ வாசல் வரை வந்தாள்.

"மெஹ்ரி அப்பா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் போர்ப் பேச்சு வேண்டாம். அந்தப் பையனோட மாமாவுக்கு ஒரு கால் சரியில்லையாம். எதுனாலன்னு நான் கேட்டுக்கல. நீங்களும் கேக்காதீங்க."

கேட்கமாட்டேன் என்று தலையாட்டினார்.

அவர் மூன்றரைக்கு முகம் மழித்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் வந்துவிட்டார்கள். அரை மணி முன்னதாக. சோப்பு நுரையைத் துடைத்துக்கொண்டு கலந்தர் ஓடிவந்து நெஞ்சில் கைவைத்து வரவேற்றார். யாமாவின் அம்மா ஷகீபா உயரமான பெண்மணி. வெள்ளை முக்காடு, நேரான முதுகு. அவள் தம்பி ஸமத் காலைச் சற்று இழுத்து நடந்தார். யாமா பின்னால், கையில் துணி சுற்றிய பெரிய பொட்டலத்தோடு, வியர்த்துக்கொண்டு வந்தான். அப்பா இல்லாத பையன். முற்றத்தில் ஆப்ரிகாட் மரத்தடியில் போட்டிருந்த பெரிய கட்டிலில் எல்லோரும் ஏறி உட்கார்ந்ததும், மெஹ்ரி உள்ளேயிருந்து வந்து தலைகுனிந்து வணங்கிவிட்டு, கீழே கிடந்த விருந்தாளிகளின் செருப்புகளை வாசல் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். எழுந்திருப்பவர்கள் அப்படியே காலை நுழைத்துக்கொண்டு போகலாம் என்ற மரியாதை. இந்த ஊர்ப் பெண்ணுக்கு அதைச் செய்யத் தெரிகிறதா என்று பார்ப்பதும் உண்டு. ஷகீபா பார்த்தாள்.

யாமாவின் பொட்டலத்தைப் பிரித்தால் அவன் சுட்ட ரொட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். ஸுலைகோ திகைத்தாள். ரொட்டி என்றால் வட்டமாக இருக்க வேண்டும். இதை எந்தப் பக்கம் பிடித்துப் பிட்பது? வாசனையைப் புகழ்ந்துவிட்டுத் தன் இரண்டு வட்ட ரொட்டிகளைத் தட்டில் வைத்து நடுவே நகர்த்தினாள். ஸமத் சிரித்தார்.

"எங்கட பக்கம் இனிப்புத் தட்டு தந்தாத்தான் பொம்பிளை தந்த மாதிரி. ரொட்டியைப் பிய்ச்சா பசிக்குது எண்டுதான் அர்த்தம்."

எல்லோரும் சிரித்தார்கள். கலந்தரும் சிரித்தார். முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேச்சு அவர் காதில் இவ்வளவு பக்கத்தில் விழுகிறது. அதே மொழிதான். ஆற்றைத் தாண்டினால் வாய் கொஞ்சம் அகலமாகத் திறக்கிறது, அவ்வளவுதான். இதற்கா இரண்டு வருஷம் பஜாரைச் சுற்றிக்கொண்டு போனோம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. மனசு இறகு போல லேசாயிற்று. மதகுப் பலகையின் ஞாபகம் அத்தோடு போயிற்று.

ஸுலைகோ பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாள். தன் மூன்று பேர் எந்தெந்த நகரத்தில் என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு யாமா ஒருத்தர்தானா என்று கேட்டாள்.

"இவன் ரெண்டாவது," என்றாள் ஷகீபா. "மூத்தவன் ஹாஸிர் நேஸ்த்."

நேஸ்த் என்றால் இல்லை. ஹாஸிர் என்றது கலந்தர் காதில் தன்னுடைய ஹோஸிராகவே விழுந்தது. கலந்தர் தேநீர் ஊற்றிக்கொண்டே முந்திக்கொண்டார். "அதுக்கென்னம்மா, இப்ப இல்லைன்னா என்ன, கல்யாணத்துக்கு வந்துடப் போறாரு. அப்ப பாத்துக்கிட்டாப் போச்சு."

யாமா தலையைக் குனிந்தான். ஸமத் கோப்பையைக் கீழே வைத்தார். ஷகீபா மட்டும் கோபித்துக்கொள்ளவில்லை. இந்த ஊருக்கு வந்த பிறகு இப்படிப் பல சொற்களில் இடறி விழுந்து பழகியவள் அவள்.

"அண்ணை, நீங்கள் வேற மாதிரி விளங்கிட்டியள். நான் இருபத்தாறு வருசம் ரீச்சரா இருந்தனான். காலமை பேர் கூப்பிடேக்க பிள்ளையள் 'ஹாஸிர்' எண்டு எழும்புங்கள். வந்திருக்கிறன் எண்டு அர்த்தம். வராத பிள்ளைக்கு ஹாஸிர் நேஸ்த். என்ர மூத்தவன் ஆறு வருசத்துக்கு முந்தி வீட்டிலயிருந்து வெளிக்கிட்டவன். வரேல்லை. செத்துப்போனான் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. அதால அப்பிடிச் சொல்லுறனான். 'இப்ப' எண்டதுக்கு எங்களிட்ட வேற சொல். ஹாலி."

நம் ஊர்க் கோர்ட்டில் பெயர் கூப்பிட்டதும் 'ஆஜர்' என்கிறோமே, அதே சொல்தான். எங்கெங்கோ போய் அலைந்துவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் 'வந்திருக்கிறேன்' என்றும் இந்தப் பக்கம் 'இதோ' என்றும் தங்கிவிட்டது.

கலந்தர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. தேநீர் கோப்பை நிறைந்து, தட்டு நிறைந்து, விரிப்பில் ஓடியது. ஸுலைகோ அவர் கையிலிருந்து கூஜாவை வாங்கினாள். அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆப்ரிகாட் மரத்தின் நிழலும் எதிரே உட்கார்ந்திருந்த முகங்களும் ஏதோ தண்ணீருக்கடியில் இருப்பவை போல அசைந்தன. திராட்சைத் தோட்டத்து மண்சுவர் ஒன்று அங்கே எழும்பி நின்றது.

மண்சுவருக்குப் பக்கத்தில் கிழவர் நிற்கிறார். இடுப்பில் கயிறு, கையில் திராட்சைக் கொடி வெட்டும் சிறு கத்தி. அதைக் கீழே போடச் சொன்னார்கள், போட்டுவிட்டார். கலந்தருக்கு இருபது வயது. வந்து பதினோராம் நாள். கேப்டன் கேட்கச் சொன்னதைக் கேட்டான்: மகன் எங்கே? கிழவர் அவனைப் பார்த்து, நம் மொழி பேசுகிறானே என்ற நிம்மதியோடு, பதில் சொன்னார். ஹாஸிர் நேஸ்த். அவன் ரஷ்ய மொழியில் சொன்னான்: இப்போது இல்லை என்கிறார். கேப்டன் சிரித்தார். இப்போது இல்லையா, அப்படியென்றால் சாயங்காலம் வருவான். அவர்கள் தோட்டத்துக்குள் படுத்துக் காத்திருந்தார்கள். வெயில் சாய்ந்தபோது வாய்க்கால் கரையோடு ஒருவன் ஆலையிலிருந்து மாவு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். நில் என்று கலந்தர் கத்துவதற்குள் சுட்டுவிட்டார்கள். மூட்டை தண்ணீரில் விழுந்தது.

கிழவர் ஓடி வந்தார். விழுந்தவன் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கலந்தரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, தலையில் அடித்துக்கொண்டு, திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். ஹாஸிர் நேஸ்த், ஹாஸிர் நேஸ்த். இப்போது இல்லை, இப்போது இல்லாமல் போய்விட்டான் என்று மகனுக்காக அழுகிறார் என்றுதான் கலந்தர் நினைத்தான். அப்படித்தான் கேப்டனிடமும் சொன்னான். கிழவர் தன் வாயாலேயே மகனைக் காட்டிக் கொடுத்துவிட்டார், பாவம், நான் என்ன செய்வேன், அவர் சொன்னதைத்தானே சொன்னேன் என்று அந்த இரவும் அதற்குப் பின் வந்த இரவுகளும் கழிந்தன. அது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் ஊருக்கு வந்தார், கல்யாணம் செய்துகொண்டார், பிள்ளைகளுக்குத் தலை பின்னினார்.

மகன் இங்கே இல்லை என்று சொன்னேனே, இல்லை என்று சொன்னேனே என்றுதான் கிழவர் கத்தியிருக்கிறார்.

அப்படியானால் மாவோடு வந்தவன் யார்?

"மெஹ்ரி அப்பா," என்று ஸுலைகோ மெல்லக் கூப்பிட்டாள். ஷகீபா தன் தம்பியிடம் கண்ணால் சொல்லியிருந்தாள். பேச்சு கனத்துப் போய்விட்டது, நல்ல காரியத்தை முடித்துவிடலாம் என்று. ஸமத் மண்டியிட்டு முன்னால் வந்தார். இரண்டு வட்ட ரொட்டிகளையும் ஸுலைகோ கணவரின் கையில் வைத்தாள். அடியில் மாவு ஒட்டியிருந்தது. அடுப்படித் திரைக்குப் பின்னால் மெஹ்ரி நிற்பது அவருக்குத் தெரிந்தது. திரைக்குக் கீழே அவள் பாதங்கள், பெருவிரல் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு, சின்ன வயதில் பின்னலுக்கு உட்காரும்போது இருந்த மாதிரியே.

பிட்டுவிடலாம். ஒரு நொடி வேலை. யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கப் போவதில்லை. கேட்கக்கூடியவர் திராட்சைத் தோட்டத்துக் கிழவர் ஒருவர்தான், அவர் இப்போது உயிரோடு இருக்க மாட்டார். மகள் வாழ்ந்துவிட்டுப் போவாள். இதை யோசித்தபோது கலந்தருக்கு உண்மையிலேயே அப்படிச் செய்துவிட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அவ்வளவு ஆசையை அவர் எதன் மேலும் வைத்ததில்லை. ஆனால் ரொட்டியின் ஓரத்தை ஸமத் பிடித்ததும் அவர் தன் பக்கத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல வாயெடுத்தார். வாழ்நாளெல்லாம் அதற்கு அவருக்கு ஒரே சொல்தான் இருந்தது. அது வரவில்லை.

"ஹாலி," என்றார். அக்கரைச் சொல் அவர் வாயில் கோணலாக விழுந்தது. "அம்மா, இதைப் பிட்டதுக்கு அப்புறம் சொன்னா ஏமாத்தினதா ஆயிடும். அதனால இப்பவே சொல்லிடறேன்."

ஸுலைகோவின் முகத்தை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பார். திராட்சைத் தோட்டத்தைச் சொன்னார், கேப்டன் கேட்டதைச் சொன்னார், கிழவர் சொன்ன இரண்டு சொல்லைச் சொன்னார், தான் சொன்னதைச் சொன்னார். மாவு மூட்டை தண்ணீரில் விழுந்தது வரைக்கும் நிறுத்தாமல் சொன்னார். பள்ளிக்கூட மேடையில் பேசும் குரல் இல்லை. அவருக்கே அது வேறு யாரோ பேசுவது போலக் கேட்டது.

"அவர் சொன்னதைச் சொன்னேன்னு இத்தனை வருஷமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். நான் சொல்லல. அவர் சொன்னது வேற. நான் சொன்னது வேற."

ஒரு பழுத்த ஆப்ரிகாட் விரிப்பின் மேல் விழுந்தது. ஸமத் தன் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரைக்குக் கீழே இருந்த பாதங்கள் அசையவில்லை.

ஷகீபா கேட்டாள். "மாவோட வந்தவரின்ர பேர் என்ன?"

"தெரியாதும்மா."

"எந்த ஊர்?"

"எங்ககிட்ட இருந்தது வரைபடம்தான். ஊருக்கெல்லாம் அதுல பேர் இல்ல. நம்பர்தான் இருந்திச்சு."

"பேர் தெரியாட்டி," என்று தொடங்கினாள். இருபத்தாறு வருஷம் பெயர் கூப்பிட்ட வாய்.

ஸமத் எழுந்தார். அக்காவைப் பார்க்காமல், யாரையும் பார்க்காமல், கட்டிலின் ஓரத்துக்கு வந்து காலைக் கீழே தொங்கவிட்டார். நல்ல காலும் இழுக்கும் காலும் ஒன்றாகத் தண்ணீருக்குள் போயின.

அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். முற்றம் முழுக்கத் தண்ணீர். வாசல் அடியிலிருந்து சத்தமே இல்லாமல் ஏறி வந்து, கீரைப் பாத்தியை மூடி, கட்டில் காலைச் சுற்றிக்கொண்டு நின்றது. அதன் மேல் தெருவிலிருந்து வந்த பஞ்செல்லாம் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. விருந்தாளிகளின் செருப்புகள் அந்த வெள்ளையில் திசைக்கு ஒன்றாக மிதந்துகொண்டிருந்தன. தெருவில் யாரோ ஓடுவதும், பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலாகக் கூப்பிடுவதும் கேட்டது.

"கலந்தர் அண்ணே, பலகை! பலகையை இறக்கலியா?"

பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. மடியில் ரொட்டிகள் அப்படியே இருந்தன. எழுந்து ஓடுவதற்காக அவற்றைத் தட்டில் வைக்கப் போனபோது, எதிர்ப் பக்கத்து ஓரத்தில் ஒரு கை வந்து விழுந்தது. ஷகீபாவின் கை. சுண்ணாம்புக்கட்டி பிடித்துப் பிடித்து விரல் நுனி தேய்ந்த கை. அவள் பிட்கவும் இல்லை, விடவும் இல்லை. அவர் முகத்தையும் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரை விலகியது. மெஹ்ரி பாவாடையை ஒரு கையால் தூக்கிச் செருகிக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். அழுதிருந்தாள், ஆனால் அதைத் துடைத்துக்கொள்ள நிற்கவில்லை. பாத்திக்குப் போய் ஒன்று, மரத்தடிக்குப் போய் ஒன்று, வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போக இருந்த ஸமத்தின் இடது செருப்பை எட்டிப் பிடித்து ஒன்று என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். யாமா உதவ இறங்கினான். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். ஒவ்வொரு ஜோடியாகத் தண்ணீரை உதறி, ஒட்டியிருந்த பஞ்சை விரலால் எடுத்து, வீட்டு மேல்படியில் வரிசையாக வைத்தாள்.

முனைகள் இந்தத் தடவை வீட்டைப் பார்த்திருந்தன.